பின்சீட்டுக்காரர்களின் கார்

பூதலூர்ப் பக்கத்துப் பழைய ஆட்கள் காரைக் கார் என்று சொல்வதில்லை. 'பிளசர்' என்பார்கள். "மில்லுக்காரர் வூட்டு பிளசர் போவுது பாரு" என்று என் சின்ன வயதில்கூடக் கேட்டிருக்கிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லாரி, பஸ் இவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவதற்காக, தனியார் வைத்திருந்த மோட்டார் வண்டியை ஆங்கிலத்தில் பிளஷர் கார் என்றார்கள். அதில் கார் உதிர்ந்துபோய் பிளசர் மட்டும் நம் கிராமங்களில் தங்கிவிட்டது. (திருநெல்வேலிக்காரர்களுக்குக் கார் என்றால் ஒரு நெல் பருவம். எங்களுக்கு அது குறுவை. ஆகவே டெல்டாவில் குழப்பத்துக்கு இடமில்லை.)

இன்பம் என்பது அந்தச் சொல்லின் நேரடிப் பொருள். யாருடைய இன்பம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

"நீங்கள் வைத்திருந்த கார்களிலேயே உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எது?" என்று என் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது ஒரு நாள் பேச்சு ஓடியது. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே அனுமானம் இருந்தது: காரை வாங்கியவரும் ஓட்டியவரும் ஒரே ஆள். டெல்டாவில் காரின் வரலாற்றைப் பார்த்தால், கிட்டத்தட்ட முதல் அறுபது எழுபது வருடங்களுக்கு இந்த அனுமானம் செல்லாது. வாங்கியவர் பின்சீட்டில் இருந்தார். ஓட்டியவர் முன்சீட்டில் இருந்தார். அந்தக் கேள்வியை இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

கார் வருவதற்குப் பல வருடம் முன்பே எங்கள் பக்கத்துக்கு ரயில் வந்துவிட்டது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா கம்பெனி 1861-62இல் பாதை போட்டது. பூதலூர் ஸ்டேஷன் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. ஆகவே தூரப் பயணம் ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை. ஊரிலிருந்து ஸ்டேஷன் வரை, ஸ்டேஷனிலிருந்து கோர்ட் வரை, சம்பந்தி வீடு வரை என்ற குறுந்தூரம்தான் அந்தஸ்தைக் காட்டும் இடம். அதற்கு வில்வண்டி இருந்தது. சாதாரண மாட்டு வண்டிக்கும் வில்வண்டிக்கும் உள்ள வித்தியாசமே அடியில் இருக்கும் அந்த இரும்புப் பட்டை வில்தான். மெத்தை போட்டு, திண்டு வைத்து, மிராசுதார் பின்னால் சாய்ந்திருப்பார். முன்னால் ஏர்க்காலோரம் வண்டிக்காரர் குந்தியிருப்பார். வில்லின் சுகம் பின்னால் இருப்பவருக்கு மட்டும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அம்பாசிடர் காரின் பின்சக்கரங்களுக்கு மேலே இருப்பதும் அதே பட்டை வில்தான்.

அம்பாசிடரின் கதை பலருக்கும் தெரிந்தது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி. எம். பிர்லா 1942இல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸைத் தொடங்கினார். 1948இல் தொழிற்சாலை கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவுக்கு மாறியது. இங்கிலாந்தின் மோரிஸ் கம்பெனியோடு ஒப்பந்தம். மோரிஸ் 10 இங்கே 'ஹிந்துஸ்தான் 10' ஆயிற்று. மோரிஸ் ஆக்ஸ்ஃபர்டின் இரண்டாவது சீரிஸ் 'லேண்ட்மாஸ்டர்' ஆயிற்று. (மிராசுதார் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல ஆங்கில மொழிபெயர்ப்பை நான் பார்த்ததில்லை. உத்தரபாராவில் பெயர் வைத்தவருக்குத் தஞ்சாவூர் தெரிந்திருக்க நியாயமில்லை.) மூன்றாவது சீரிஸ் 1957-58இல் 'அம்பாசிடர்' ஆனது. தாய்நாட்டில் அந்த மாடல் 1956இல் வந்து 1959இல் நின்றுவிட்டது. இங்கே 2014 மே மாதம் வரை ஓடியது.

அம்பாசிடர் நீடித்ததற்கு அரசாங்கக் கொள்கை ஒரு பெரிய காரணம். 1953இல் டாரிஃப் கமிஷன் பரிந்துரைத்தபடி, பாகங்களை இறக்குமதி செய்து வெறுமனே பூட்டி விற்பவர்களுக்கு இனி இடமில்லை, உள்நாட்டிலேயே தயாரிக்கத் திட்டம் வைத்திருப்பவர்கள் மட்டும் இருக்கலாம் என்று ஆயிற்று. பம்பாயில் 1928 முதல் கார் பூட்டிக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் மூட்டை கட்டியது. ஃபோர்டும் போயிற்று. மிஞ்சிய கார்கள் மூன்று. கல்கத்தாவின் அம்பாசிடர், பம்பாயின் ஃபியட் 1100, நம் சென்னையின் ஸ்டாண்டர்டு.

நியாயமாகப் பார்த்தால் தஞ்சாவூர்க்காரர்கள் ஸ்டாண்டர்டு ஹெரால்டைத்தான் வாங்கியிருக்க வேண்டும். வண்டலூரில் செய்த கார். 1961இல் வந்தது. மிக்கலாட்டி என்ற இத்தாலியர் வரைந்த வடிவம், இன்றைக்குப் பார்த்தாலும் அழகு. சின்ன சந்தில்கூட ஒரே வெட்டில் திரும்பிவிடும். ஆனால் தொடக்கத்தில் வந்த ஹெரால்டுக்குக் கதவு இரண்டுதான். பின்சீட்டுக்குப் போக வேண்டுமென்றால் முன்சீட்டை மடக்கி, குனிந்து, நுழைய வேண்டும். வேட்டியும் அங்கவஸ்திரமுமாக ஒரு மிராசுதார் தன் டிரைவரின் சீட்டைத் தாண்டிக் குனிந்து நுழைவதைக் கற்பனை செய்து பாருங்கள். ஹெரால்டு தானே ஓட்டிக்கொள்கிறவரின் கார். டாக்டர், வக்கீல், பட்டணத்து இளைஞர் வாங்கினார்கள். நான்கு கதவு வைத்த ஹெரால்டை வண்டலூரிலேயே பிறகு வடிவமைத்தார்கள். அதற்குள் டெல்டா முடிவு செய்துவிட்டது.

ஃபியட்டும் ஓரளவு அப்படித்தான். கையடக்கமான, ஓட்டுகிறவருக்கு இதமான வண்டி. லால் பகதூர் சாஸ்திரி 1964இல் வாங்கியது ஃபியட்தான். விலை 12,000 ரூபாய், கையில் இருந்தது 7,000, மிச்சம் 5,000க்கு பஞ்சாப் நேஷனல் வங்கியில் கடன். 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் அவர் இறந்தபோது கடன் பாக்கி இருந்தது. மனைவி லலிதா சாஸ்திரி தன் பென்ஷனிலிருந்து அதை அடைத்தார். ஒரு பிரதமரின் சொந்தக் கார் அவர் காலத்துக்குள் முழுக்கச் சொந்தமாகவில்லை.

அம்பாசிடருக்கு அகலமான பின்கதவு. உயரமான சீட்டு, குனியாமல் ஏறலாம், சம்மணம் போட்டும் உட்காரலாம். கியர் ஸ்டியரிங் தண்டிலேயே இருந்ததால் முன்பக்கமும் ஒரே நீளச் சீட்டு. கணக்குப்பிள்ளை, டிபன் கேரியர் தூக்கி வரும் பையன் எல்லாரும் முன்னால் அடங்கிவிடுவார்கள். பின்சீட்டு ஐயாவுக்கு. வில்வண்டியின் உட்கார்முறை ஒரு மாற்றமும் இல்லாமல் மோட்டாருக்குள் வந்துவிட்டது.

பிடித்தாலும் உடனே கிடைக்காது. 1959இல் வந்த கட்டுப்பாட்டு ஆணை புதுக் காரை யாருக்கு எப்படி விற்பது என்பதை அரசின் பிடிக்குள் கொண்டுவந்தது. பணம் கட்டிப் பதிந்துவிட்டு வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். 1969இல் விலையையும் அரசே நிர்ணயித்தது. அந்த விலை போதாது என்று கம்பெனிகள் சுப்ரீம் கோர்ட் வரை போயின. கையில் வந்த காரை மறுநாளே கூடுதல் விலைக்குக் கேட்க ஆள் இருந்தது. வாங்கியதும் விலை ஏறுகிற கார் என்பது இன்றைக்கு நினைத்துப் பார்க்கவே வேடிக்கை.

எங்கள் தாத்தா 1966இல் பதிந்து 1969இல் எடுத்தார். எங்கள் குடும்பம் பெரிய மிராசு ஒன்றும் இல்லை. மூன்று வேலி நிலம், ஒரு ரைஸ்மில்லில் பங்கு. பூதலூர் வட்டாரத்தின் நிலங்களில் ஒரு பகுதி 1934இல் மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் வந்த பிறகு ஆற்றுப் பாசனம் கண்டவை. அந்தக் கால்வாயை இன்னும் 'புது ஆறு' என்றுதான் சொல்கிறோம். பழைய காவிரிக்கரை மிராசுகள் எங்களைப் 'புதுத் தண்ணிக்காரர்கள்' என்று கிண்டலடிப்பார்களாம். 1960களில் தஞ்சாவூர் மாவட்டம் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குள் வந்தது. ஆடுதுறை 27 ரக நெல் வந்தது, உரம் வந்தது, குறுவை கொழித்தது. அந்தக் குறுவைப் பணத்தில் ஒரு ஆகாய நீல அம்பாசிடர். தாத்தாவுக்கு வயது நாற்பத்தெட்டு. ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை. மில் லாரியில் கிளீனராக இருந்து ஸ்டியரிங் பிடிக்கக் கற்றிருந்த ஒரு இருபத்திரண்டு வயதுப் பையனை டிரைவராக வைத்தார். சம்பளம் பாதி ரூபாய், பாதி நெல்.

அந்தப் பையனுக்கு இப்போது எழுபத்தாறு தாண்டிவிட்டது. நாங்கள் குழந்தைகளாக இருந்தபோது அவரைப் 'பிளசர் தாத்தா' என்றுதான் கூப்பிடுவோம். வீட்டுப் பெரியவர்கள் 'டிரைவர்' என்பார்கள். பதினேழு வருடம் வேலை செய்தவரின் பெயர் எங்கள் வீட்டுப் பேச்சில் வந்து நான் கேட்டதில்லை.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. எங்கள் கார் வந்தது 1969. அதற்கு முந்தைய வருடம் டிசம்பர் 25 அன்று இரவு, அப்போது இதே தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த கீழ்வெண்மணியில், கூலியாகக் கூடுதல் நெல் கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். கீழ்க் கோர்ட் 1970இல் நிலவுடைமையாளர்கள் சிலருக்குச் சிறைத் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அந்தத் தீர்ப்பில் வருகிற ஒரு வாதம் பலராலும் திரும்பத் திரும்பப் பேசப்பட்டிருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் பெரும்பாலும் பணக்காரர்கள், நிறைய நிலம் உள்ளவர்கள், அவர்களில் ஒருவருக்குக் கார்கூட இருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற தொனி அதில் இருக்கிறது.

கார்கூட இருக்கிறது. டெல்டாவில் கார் என்பதற்கு என்ன பொருள் இருந்தது என்று கேட்டால், எனக்கு இதைவிடத் துல்லியமான ஆவணம் தெரியாது. வாகனப் பதிவு எண்ணிக்கையும் விளம்பரங்களும் இதைச் சொல்லாது. கார் வைத்திருப்பவர் கீழே இறங்க மாட்டார், அவர் கால் மண்ணில் படாது என்பது நீதிமன்றத்தில் வாதமாக நிற்கும் அளவுக்கு ஊரறிந்த விஷயமாக இருந்திருக்கிறது. பின்சீட்டு அத்தனை உயரத்தில் இருந்தது.

முன்சீட்டில் இருந்தவருக்கு அது வேறொரு கார். பிளசர் தாத்தாவிடம் அம்பாசிடரைப் பற்றிக் கேட்டால் முதலில் அதன் குறைகளைத்தான் சொல்வார். ஸ்டியரிங் கனம். பிரேக்கை அரை பர்லாங்குக்கு முன்பே நினைக்க வேண்டும். மழைக்காலத்தில் பிளாட்டினம் நனைந்தால் கிளம்பாது. முன்சக்கரத்து நிப்பிள்களுக்கெல்லாம் ஒழுங்காகக் கிரீஸ் அடிக்காவிட்டால் மாட்டுத்தொழுவம் மாதிரிக் கத்தும். இதையெல்லாம் புகாராகச் சொல்ல மாட்டார். முரட்டுப் பிள்ளையைப் பற்றித் தகப்பன் சொல்கிற குரல் அது.

"அதுல மறைவு ஒண்ணுமில்ல தம்பி. பானட்டைத் தூக்குனா எல்லாம் கண்ணுக்கு முன்னாடி இருக்கும். எது எதைத் தள்ளுது, எது எதை இழுக்குதுன்னு பாத்துக்கிட்டே இருந்தா தெரிஞ்சுரும்."

நான் இஞ்சினியரிங் படித்தவன். சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறேன். எங்கள் துறையில் பழைய மென்பொருளை 'லெகஸி' என்று முகம் சுளித்துச் சொல்வோம். முப்பது வருடத்துக்கு முன் யாரோ எழுதியது, தொட்டால் உடையும், தூக்கிப் போடவும் முடியாது. அம்பாசிடர் அந்த வகைதான். ஆனால் தொட்டால் உடையாத லெகஸி. பக்கவால்வு எஞ்சினுக்குப் பதில் 1959இலேயே 1489 சிசி பி சீரிஸ் எஞ்சின் வந்தது. 1960களில் மார்க் 2, 1975இல் மார்க் 3, அப்புறம் மார்க் 4 என்று முன்கிரில்லும் டேஷ்போர்டும் மாறின. உடம்பு அப்படியே இருந்தது. அதனால் ஒரு மாடலின் சாமான் பெரும்பாலும் அடுத்த மாடலுக்கும் பொருந்தும். திருச்சியில் பழைய சாமான் கடைக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. உடைத்துச் சொன்னால், இது கம்பெனியின் சோம்பல். போட்டி இல்லாத சந்தையில் புதிதாக ஒன்றைச் செய்யக் காரணமே இல்லை. அந்தச் சோம்பல்தான் பூதலூரில் ஒரு ஏழாம் கிளாஸ் படித்த ஆளைத் தேர்ந்த மெக்கானிக் ஆக்கியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரண்டும் உண்மை. ஒன்றுக்காக மற்றதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

1980 வாக்கில் அம்பாசிடருக்கு டீசல் எஞ்சின் வந்தது. இந்தியாவில் டீசல் கார் என்பது அங்கேதான் தொடங்குகிறது. டெல்டாவுக்கு இது பெரிய சேதி. டிராக்டருக்கும் பம்புசெட்டுக்கும் வீட்டில் பீப்பாயில் டீசல் இருக்கும். பம்புசெட் பார்க்கிற மெக்கானிக் காரையும் பார்ப்பார். எங்கள் வண்டி பெட்ரோல்தான். தாத்தாவுக்கு டீசல் சத்தம் பிடிக்காது. "பின்னால உக்காந்திருக்கவனுக்கு மில்லுக்குள்ள இருக்க மாதிரி இருக்கும்" என்றாராம்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. டெல்டாவில் அது காரை மட்டும் மாற்றவில்லை. அந்தச் சின்ன வண்டியில் பின்னால் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். முன்னால் உட்கார்வதுதான் வசதி, ஓட்டுவது அதைவிட வசதி. என் சித்தப்பா ஓட்டக் கற்றுக்கொண்டார். எங்கள் வீட்டில் முதல்முறையாகச் சொந்தக்காரர் முன்சீட்டுக்கு வந்தார். டிரைவர் என்ற வேலை தேவையில்லாமல் போயிற்று. 1986இல் அம்பாசிடர் கைமாறியது.

எப்படிக் கைமாறியது என்பதற்கு இரண்டு வரலாறுகள் இருக்கின்றன.

எங்கள் வீட்டு வரலாறு: "பதினேழு வருஷம் உழைச்சானேன்னு அப்பா அந்தக் காரையே டிரைவருக்குக் கொடுத்துட்டாங்க." கல்யாண வீடுகளிலும் கருமாதி வீடுகளிலும் இந்த வாக்கியத்தைக் கேட்டே நான் வளர்ந்தேன். எங்கள் குடும்பத்தின் தாராளத்துக்கு இதுதான் எப்போதும் எடுக்கிற உதாரணம்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு மத்தியானம் அவர் வீட்டுத் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தபோது, "தாத்தா காரைக் கொடுத்தப்போ..." என்று நான் ஆரம்பித்தேன். அவர் குறுக்கிடவில்லை. உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். ஆர்.சி. புத்தகம். அதற்குள் மடித்து வைத்த மூன்று ரசீதுகள், ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்து. 5,000, 6,000, 4,000. மொத்தம் 15,000 ரூபாய். கடைசித் தவணைக்கு அவர் மனைவியின் சங்கிலி போயிருக்கிறது. தாத்தாவின் கையெழுத்தை எனக்குத் தெரியும். 'ன'வின் கடைசிச் சுழியை நீட்டி இழுப்பார்.

"ஐயா நல்ல மனுஷன்தான் தம்பி. வெளில இருவதாயிரத்துக்குக் கேட்டாங்க, எனக்குக் கொறைச்சுத்தான் தந்தாரு. அது நெசம். ஆனா வாங்குனது நானு."

கொடுத்தது, வாங்கியது. ஒரே சம்பவம், இரண்டு வினைச்சொல். நிலச் சீர்திருத்த வரலாற்றைப் படிக்கிறவர்களுக்கு இது பழக்கமான சிக்கல். 1952இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961 சட்டம் நில உச்சவரம்பை 30 ஸ்டாண்டர்டு ஏக்கராக வைத்தது, 1970இல் அது 15 ஆனது. மிராசுதார் வீட்டு வாரிசுகளிடம் கேட்டால் "நாங்க விட்டுக்கொடுத்தோம்" என்பார்கள். உழுதவர் வீட்டில் கேட்டால் போராட்டத்தின் பெயரையும் வருடத்தையும் சொல்வார்கள். ஊர் அளவில் நடந்தது எங்கள் காரிலும் நடந்திருக்கிறது, அவ்வளவுதான். ரசீதைப் பற்றி வீட்டில் சொன்னபோது சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பதினஞ்சாயிரம் ஒரு பணமா?" என்றார். ஒரு தாலிச் சங்கிலி அளவுக்குப் பணம்தான்.

வாங்கியவர் அதை டி போர்டு ஆக்கினார். வாடகை வண்டிக்கான பர்மிட் எடுத்து, பூதலூர் ஸ்டேஷனுக்கு வெளியே நிறுத்தினார். திருக்காட்டுப்பள்ளிக்கும் செங்கிப்பட்டிக்கும் கல்லணைக்கும் சவாரி. ராத்திரிச் சவாரி என்றால் பெரும்பாலும் பிரசவ கேஸ். தஞ்சாவூரில் பிரசவத்துக்குப் பெயர்போன அரசு ஆஸ்பத்திரியின் பெயர் ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரி. எங்கள் தாத்தா சாய்ந்திருந்த அதே பின்சீட்டில், அந்தக் காரைத் தொடக்கூட அனுமதி இல்லாத தெருக்களிலிருந்து பெண்கள் படுத்துக்கொண்டு மிராசுதார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எத்தனை பேர் என்று அவர் எண்ணி வைக்கவில்லை. வழியிலேயே பிறந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் இப்போது கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறார், ஊருக்கு வந்தால் வந்து காரைப் பார்த்துவிட்டுப் போவார்.

நாடு முழுக்க அம்பாசிடரின் பிற்காலம் டாக்ஸியில்தான் கழிந்தது. 1990களில் இசுசு எஞ்சின், ஐந்து கியர், கீழே தரையில் கியர் ராடு எல்லாம் வந்தன. அரசாங்க வெள்ளை அம்பாசிடர்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கல்கத்தாவின் மஞ்சள் டாக்ஸிகள் கடைசிவரை தாங்கின. 2014 மே மாதம் உத்தரபாரா நின்றது. 2017இல் அந்தப் பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு பிரெஞ்சு பூஜோ கம்பெனி வாங்கியது. பெயரை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்பதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை.

எங்கள், மன்னிக்கவும், அவருடைய கார் இன்னும் ஓடுகிறது. டாக்ஸி ஓட்டுவதை விட்ட பிறகு டி போர்டை எடுத்துவிட்டு ஓன் போர்டாக மாற்றினார். அதற்காகத் தஞ்சாவூர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் பல தடவை நடந்திருக்கிறார். வாடகை வண்டியாகவே வைத்திருந்து விற்றுவிடலாமே என்று மகன் கேட்டதற்கு, "அது வேற, இது வேற" என்று மட்டும் சொன்னாராம். 2022 ஏப்ரலில் பதினைந்து வருடம் தாண்டிய கார்களுக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600இலிருந்து 5,000 ரூபாய் ஆனது. கட்டினார். ஐம்பது வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று தனியாகப் பதிந்துகொள்ளவும் இப்போது விதி இருக்கிறது, எடுத்துச் சொன்னேன். அப்படிப் பதிந்தால் அன்றாடம் ரோட்டில் ஓட்டக்கூடாது என்றதும் வேண்டாம் என்றுவிட்டார்.

அவருக்கு அது ஏன் அவ்வளவு பிடிக்கும் என்று நேராகவே கேட்டேன். யோசித்துவிட்டு, கிளட்ச் பிளேட் போன வருடம் மாற்றியது பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அது பதில் இல்லை என்று எனக்கு அப்போது பட்டது, இப்போது படவில்லை. வேறொரு கேள்வி கேட்டேன்: இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது பின்சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறீர்களா?

"போன தையில பேரன் ஓட்டுனான். தாத்தா நீ பின்னாடி ஐயா மாதிரி உக்காருன்னான். உக்காந்தேன். ஒண்ணும் வெளங்கல தம்பி, ரோடே தெரியல. செங்கிப்பட்டியில நிறுத்தச் சொல்லி முன்னாடி வந்துட்டேன்."